நிற்கிற வண்டிக்கு எண்ணெய் மாற்றியவர்

அவர் யாருடைய ஆள் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பெரியவர் வீட்டில் கேட்டால் சின்னவர் வைத்த ஆள் என்றார்கள். சின்னவர் வீட்டில் கேட்டால், வேவு பார்க்கப் பெரியவர் விட்ட ஆள் என்றார்கள். அவரிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். எஞ்சினுக்குள் விட்டிருந்த தென்னை ஈர்க்கை உருவி, அதன் நுனியில் தொங்கிய எண்ணெயை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மொதல்ல இத மோந்து பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றார். மோந்து பார்த்தேன். எண்ணெய் வாடைதான் அடித்தது. புளித்த வாடை தெரியவில்லையா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். காது கேளாதவனைப் பார்ப்பதுபோல் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். நான் கேட்ட கேள்வி அங்கேயே நின்றுபோயிற்று.

விரோதிகிருது வருஷம் மார்கழியிலிருந்து பிரமாதீச வருஷம் மாசி வரை, மாதம் ஒரு தடவை வீதம் இருபத்தேழு தடவை அவரைப் பார்த்திருக்கிறேன். இங்கிலீஷ் கணக்கில் 1911 கடைசியிலிருந்து 1914 தொடக்கம் வரை. ஒரு மனிதரை இருபத்தேழு தடவை பார்த்து, பார்த்ததை அன்றன்றே எழுதியும் வைத்தால் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லத் தெரியவேண்டும். தேதிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆள்தான் பிடிபடவில்லை.

அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சைவக் குடும்பம். ஆற்றுப் பாசனத்தில் நிறைய நஞ்சை உண்டு. தகப்பனார் ஆவணியில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் பெரியவரும் தம்பி சின்னவரும் பாகப்பிரிவினை வழக்குக்கு வந்துவிட்டார்கள். வயலைக் கூறு போடலாம், வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பலாம், பாத்திரத்தை எண்ணிப் பிரிக்கலாம். தகப்பனார் வாங்கிவைத்த மோட்டார் வண்டியை என்ன செய்வது? இருவருமே அது தனக்குத்தான் வேண்டும் என்றார்கள். தீர்ப்பு வரும்வரை வண்டி வளவின் மதிலைத் தாண்டக்கூடாது, இருவரில் யாரும் அதில் ஏறக்கூடாது என்று உத்தரவாயிற்று. வண்டியின் நிலையைப் பார்த்துச் சொல்ல என் வக்கீல் கமிஷனராக நியமிக்கப்பட்டார். அவர் ஒரு தடவை போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகு மாதப் பிறப்புக்கு மாதப் பிறப்பு என்னை ரயிலேற்றி அனுப்பினார்.

வண்டி வாங்கும்போதே பழையது. மலைமேல் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பின்பக்கம் கதவைத் திறந்து ஏறி உட்காரும் பழைய மாதிரி. அந்தக் காலத்தில் டவுனில் ஓடிய இரண்டொரு புது வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வில்வண்டிக்கு எஞ்சின் வைத்ததுபோல் இருக்கும். தகப்பனார் இருந்தபோதும் அது அதிகம் ஓடியதில்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், கலியாணம் என்றால் அம்பாசமுத்திரம், மற்ற நாளெல்லாம் கொட்டகை.

வண்டியைப் பார்த்துக்கொண்ட அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊர் ஏரல். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். தூத்துக்குடியில் பஞ்சு அழுத்தும் ஆலையில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலையில் இருந்தவரைத் தகப்பனார்தான் அழைத்துவந்து, கொட்டகைக்கு ஒட்டினாற்போல் ஓர் அறையும் கொடுத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் மோட்டார் அண்ணாச்சி என்பார்கள். நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். என் அறிக்கைகளில் அவர் 'வண்டிக் காப்பாளர்'. சகோதரர்கள் இருவரும் எல்லாவற்றிலும் மாறுபட்டாலும் அவர் விஷயத்தில் ஒரே பேச்சைத் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள்: வண்டி யார் பங்குக்கு வருகிறதோ அன்றைக்கு அது ஓடவேண்டும். ஓடினால் அவரே டிரைவர். ஓடாவிட்டால் அன்றே ஏரலுக்குக் கிளம்பவேண்டியதுதான்.

முதல் மாதம் நான் போனபோது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எஞ்சினின் அடியில் ஒரு திருகு. அதைத் திறந்து எண்ணெயை ஒரு மண் தோண்டியில் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தேன் நிறத்தில் சுத்தமாக இறங்கியது. அந்த வண்டி நான்கு மாதமாக ஓர் அடிகூட நகரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஓடாத வண்டிக்கு எண்ணெய் எப்படித் தேயும்? நல்ல எண்ணெயை இறக்கி எங்கேயோ விற்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சந்தேகத்தை முதல் அறிக்கையில் ஜாடையாக எழுதியும் இருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்தே என் நினைப்பைத் தெரிந்துகொண்டார்போல. எழுந்து போய், அடுப்பில் காய்ந்த இரும்புக் கரண்டியை எடுத்துவந்து, அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். சடசடவென்று தெறித்தது. டின்னிலிருந்து புது எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். சத்தமே இல்லாமல் புகைந்தது.

"தண்ணி" என்றார்.

மழை உள்ளே போயிருக்குமோ என்று கேட்டேன்.

"மழை எங்கன போவும்? அது வேர்த்த தண்ணி ஐயா. சூடாகி ஆறும்போது உள்ளேயே வேர்க்கும். வேர்வை எண்ணெயில கெடந்து புளிக்கும். புளிச்சது இரும்பத் திங்கும். நிக்குதுன்னு நெனச்சுக்கிடாதீக. உள்ள நடந்துக்கிட்டேதான் இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் ஏதோ புரிந்ததுபோல் இருக்கும். ரயிலில் திரும்பும்போது யோசித்தால் ஒன்றும் புரிந்திருக்காது. ஓடுகிற வண்டிதான் தேயும், நிற்கிற வண்டி ஓய்வெடுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் நினைத்தது. அவருக்கு ஓய்வு என்பதே ஒரு வியாதி. வண்டியின் அச்சுகளுக்குக் கீழே கருங்கல் அடுக்கிச் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிவைத்திருந்தார். ரப்பர் ஒரே பக்கமாக அழுந்தினால் அந்தப் பக்கம் செத்துப்போகுமாம். புகை வரும் குழாயைத் துணி வைத்து அடைத்திருந்தார். இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும். தினமும் விடிந்ததும் முன்னால் கைப்பிடியைச் செருகி, எஞ்சினைக் கிளப்பாமல் பைய நான்கு சுற்றுச் சுற்றுவார். சுற்றும்போது தலையைச் சாய்த்து வைத்துக்கொள்வார். என்ன கேட்கிறார் என்று நானும் சாய்ந்து பார்த்தேன். கேட்டது கொட்டகை ஓட்டில் அணில் ஓடுகிற சத்தம்தான்.

இரண்டாம் மாதத்திலேயே முதல் தகராறு வந்தது. மாதப் பிறப்பன்று கமிஷனர் தரப்பு ஆள் முன்னிலையில் எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தவேண்டும் என்று உத்தரவில் இருந்தது. வண்டி உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக நாங்கள்தான் அதைக் கேட்டு வாங்கியிருந்தோம். அவர் ஓட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷம் ஓட்டுவதற்கு ஓட்டாமலே இருக்கலாம், ஓட்டினால் இரண்டு மணி நேரம் ஓட்டவேண்டும், அதுவும் நிற்கவைத்து இல்லை, சுமையோடு நகர்த்தவேண்டும், அப்போதுதான் வேர்த்தது ஆவியாகிப் போகும் என்றார். கோர்ட்டு உத்தரவை வண்டிக் காப்பாளர் திருத்துகிறாரே என்று எனக்குக் கோபம். பெரியவரின் காரியக்காரர், இவர் சின்னவருக்காக வண்டியை வெளியே கடத்தப் பார்க்கிறார் என்றார். சின்னவரோ, அண்ணனுக்கு வண்டி பழக்கிக் கொடுக்கப் பார்க்கிறார் என்றார்.

வளவுக்குள்ளேயே நெல்லடிக்கும் களம் ஒன்று இருந்தது. கடைசியில், மதிலைத் தாண்டாமல் அந்தக் களத்தையே சுற்றிச் சுற்றி ஓட்டலாம் என்று முடிவாயிற்று. இருவரில் யாரும் ஏறக்கூடாது. ஆனால் சாட்சி வேண்டும். ஆகவே மாதாமாதம் பின்பக்கக் கதவைத் திறந்து நான் ஏறி உட்காருவேன். சுமைக்காக என்னோடு நான்கு மூட்டை நெல்லும் ஏறும். இரண்டு மணி நேரம் களத்தைச் சுற்றுவோம். முதல் தடவை எனக்குத் தலை கிறுகிறுத்து, இறங்கியதும் வைக்கோற்போரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதிலோரம் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. காரியக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்.

"என்னவே, செக்குமாடு கணக்கா சுத்துதீரு. எண்ணெய் வருதா?"

"வந்த எண்ணெயத்தான்வே காப்பாத்துதேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சுற்றுப் போனார் இவர். சிரித்ததாகத் தெரியவில்லை.

வழக்கிலிருந்த நிலங்களைப் பற்றிக்கூட அந்தச் சகோதரர்கள் அவ்வளவு சண்டை போடவில்லை, எண்ணெய்க்குப் போட்டார்கள். டின் எண்ணெய் தீர்ந்துபோனதும் யார் வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. எண்ணெய் விட்டவன் வண்டியை அனுபவத்தில் வைத்திருந்தவன் என்று நாளைக்கு வக்கீல் வாதாடினால்? ஆகையால் இருவரும் தானேதான் கொடுப்பேன் என்று நின்றார்கள். பெரியவர் தன் கொல்லையில் விளைந்த ஆமணக்கை ஆட்டி விளக்கெண்ணெய் அனுப்பினார். சின்னவர் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சீமை எண்ணெய் டின் தருவித்தார். சண்டை தீர, ஆளுக்குப் பாதி கொடுப்பது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. பார்க்க நியாயமான ஏற்பாடு. நானும் நியாயம் என்றே நினைத்தேன்.

அவர் ஒரு சீசாவில் இரண்டையும் விட்டுக் குலுக்கி எனக்குக் காட்டினார். மோர்போல் கலங்கியது. நான் இலையில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவே ஏடுபோல ஒன்று படிந்திருந்தது.

"ரெண்டும் நல்ல எண்ணெய்தான் ஐயா. தனித்தனியா விட்டா ரெண்டும் வேல செய்யும். வெளக்கெண்ணெய ரொம்ப நாளு உள்ள போட்டுவைக்கக் கூடாது, அம்புட்டுத்தான். சேத்தா ரெண்டும் கெட்டுப்போவும், இஞ்சினையும் கெடுக்கும்."

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். ஒரு மாதம் இவர் எண்ணெய், மறு மாதம் அவர் எண்ணெய். மாதப் பிறப்பன்று பழையதை முழுக்க இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காயவைத்து, மற்றதை விடுவது. களம் சுற்றுவதும் அதே நாளில். யார் முதல் என்பதற்குக் குடும்பத்துச் சாஸ்தா கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப்பூ வந்தது, சித்திரை பெரியவருக்கு. பரிதாபி வருஷம் முழுவதும் இப்படி நடந்தது. ஓடாத ஒரு வண்டிக்கு வருஷத்தில் பன்னிரண்டு தடவை எண்ணெய் மாற்றியவர் இந்தச் சீமையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த ஒரு வருஷம் மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. ஈர்க்கை மோந்து பார்த்துவிட்டுத் தனக்குத் தானே தலையாட்டிக்கொள்வார். ஏரலிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினார். ஏற்றிக் காட்டவில்லை, உத்தரவு இருக்கிறதே. கைப்பிடியை மட்டும் தொடச் சொன்னார். பெரியவள் தொட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

இனிமேல் வருவது என் பங்கு. வருஷக் கடைசி அறிக்கையில், யாரும் கேட்காமலே, ஒரு கணக்குச் சேர்த்தேன். மாதங்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லையே. ஆனியில் முப்பத்திரண்டு நாள், மார்கழியில் இருபத்தொன்பது நாள். ஒவ்வொரு எண்ணெயும் எஞ்சினுக்குள் இருந்த நாட்களைக் கூட்டினேன். பெரியவர் எண்ணெய் நூற்றெண்பத்து மூன்று நாள், சின்னவர் எண்ணெய் நூற்றெண்பத்திரண்டு நாள். முந்நூற்றறுபத்தைந்தை எப்படிப் பிரித்தாலும் ஒரு நாள் மிஞ்சத்தான் செய்யும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்து, அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஒரு நாள் போதும் என்று ஆகிவிட்டது. சின்னவரின் வக்கீல், தன் கட்சிக்காரருக்கு அநீதி என்று மனுப் போட்டார். பதிலுக்குப் பெரியவர் தரப்பு, இந்த மாற்றுகிற ஏற்பாடே வேண்டாம், முன்னே பேசியபடி இரண்டையும் சம அளவு கலந்து ஒரே தடவையில் விட்டுவிட வேண்டியது, இடையில் இறக்கினால் யார் பங்கு எவ்வளவு இறங்கிற்று என்று மறுபடி தகராறு வரும், ஆகவே தீர்ப்புவரை திருகுக்கு அரக்கு முத்திரை வைத்துவிட வேண்டியது என்றது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன. என் வக்கீல் இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இருக்கமுடியாது என்றார். முத்திரை இருக்கும்போது எஞ்சினைக் கிளப்புவதும் நின்றது. கைப்பிடியைச் சுற்றலாம், அவ்வளவுதான்.

பிரமாதீச வருஷம் சித்திரை மாதம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். காரியக்காரர் விளக்கெண்ணெய்த் தூக்கோடும், சின்னவரின் மைத்துனர் டின்னோடும் நின்றார்கள். நான் வாசித்ததை அண்ணாச்சி கடைசிவரை கேட்டார்.

"சேராதுன்னு காட்டினேனே ஐயா" என்றார் என்னிடம்.

காட்டியது உண்மைதான், ஆனால் இது இரு தரப்பும் ஒப்புக்கொண்டது, நான் மாற்றமுடியாது என்றேன். காரியக்காரரிடம் திரும்பி அதையே சொன்னார். "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்வே" என்றார் காரியக்காரர். மைத்துனரிடமும் சொன்னார். மைத்துனர் டின்னைத் திறந்து நீட்டினார். மூன்று பேரிடமும் சொல்லியாயிற்று. பிறகு துணி போட்டு வடிகட்டி, ஒரே பித்தளைச் செம்பால் மாற்றி மாற்றி அளந்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அவரே இரண்டையும் விட்டார். அப்படி அக்கறையாக ஏன் வடிகட்டினார் என்பதும் எனக்கு விளங்கவில்லை. முடிந்ததும் வண்டிக்கு அடியில் புகுந்து, அவர் பிடித்த விளக்கின் வெளிச்சத்தில், திருகின்மேல் நான் அரக்கு வைத்தேன்.

வைகாசியில் போனபோது கைப்பிடி கொஞ்சம் கனக்கிறது என்றார். ஆனியில், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது என்றார். ஆடியில் என்னையே சுற்றிப் பார்க்கச் சொன்னார். களிமண்ணுக்குள் துடுப்புப் போடுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு மாதமும் அவர் சொன்னதை எழுதினேன். வக்கீலிடமும் வாயால் சொன்னேன். முத்திரை அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். நல்லது என்றார். ஐப்பசி அடைமழையில் கொட்டகையெல்லாம் ஈரம். அன்றைக்கு அவரிடம் நானே கேட்டேன், முத்திரையை உடைத்து எண்ணெயை இறக்கிவிட்டு, அரக்கு தானாக உதிர்ந்துவிட்டது என்று சொன்னால் என்ன என்று. கமிஷனருடைய குமாஸ்தா கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. கேட்டுவிட்டுப் பயந்துபோனேன். அவருக்கு அந்த யோசனை பிடிக்கவில்லையா, என்னை நம்பவில்லையா, தெரியாது. "நீங்க வச்ச அரக்குல்லா ஐயா. அது எப்படித் தானா உதிரும்?" என்றார்.

கார்த்திகையில் அரைச் சுற்றுக்குமேல் போகவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அந்த அரைச் சுற்றைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

மாசியில் வழக்கு ராஜியில் முடிந்தது. அவர்களுடைய தாய்மாமன் நடுவே புகுந்து பேசி, தென்னந்தோப்பு அண்ணனுக்கு, வண்டி தம்பிக்கு என்று தீர்ந்தது. வண்டியை ஒப்படைக்கும் நாளில் என் வக்கீலே நேரில் வந்தார். சகோதரர்கள் இருவரும் கொட்டகைக்குள் ஒன்றாக நின்றதை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். நடுவே நான்கு பேர் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தார்கள். நான் முத்திரையைச் சரிபார்த்தேன். உடையவில்லை. வக்கீல் தலையசைத்ததும் அண்ணாச்சி கைப்பிடியைச் செருகினார். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, காலை ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்துச் சுற்றினார். கைப்பிடி கீழே வந்தது. மேலே ஏறவில்லை. மறுபடி முயன்றார். சின்னவரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்து அழுத்தினார்கள். பிறகு அது எந்தப் பக்கமும் அசையவில்லை.

"என்னவே இது?" என்றார் சின்னவர். "மாசா மாசம் எண்ணெய் எண்ணெய்னு உயிர வாங்கினீரே. எங்க போச்சு அம்புட்டு எண்ணெயும்?"

"உள்ளதான் இருக்கு மொதலாளி."

"ரெண்டரை வருசமா என்னத்தப் பாத்தீரு?" என்றார் பெரியவர்.

இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். சீசாவைக் காட்டியதை, மூன்று பேரிடம் சொன்னதை, மாதாமாதம் சொன்னதை. எல்லாம் என் பைக்குள் தேதியோடு இருந்தது. அவர் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நான் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். காரியக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கைப்பிடியை உருவித் துணியால் துடைத்து, வழக்கமான ஆணியில் மாட்டினார்.

"எங் கையில இருந்த வண்டி. எங் கையாலதான் ஊத்துனேன். வேற ஆளு யாரும் தொடல" என்றார்.

அது பொய்யும் இல்லை. பெரியவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நான் அப்பமே சொன்னேம்லா தம்பி, ஆளு சரியில்லன்னு."

"ஆமாண்ணே" என்றார் சின்னவர்.

தம்பி என்றும் அண்ணன் என்றும் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு அந்த இரண்டரை வருஷத்தில் நான் கேட்டதில்லை. அதுவரை 'அந்த ஆள்'தான். இருவரும் பேசிக்கொண்டே வெளியே நடந்தார்கள். நடுவிலிருந்த இடம் குறைந்திருந்தது. தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி அறிக்கையை அங்கேயே, வண்டியின் பின்பலகையில் காகிதத்தை வைத்து எழுதினேன். வக்கீல் சொல்லச் சொல்ல எழுதியது. வண்டியின் நிலை: கைப்பிடி சுழலவில்லை. காரணம்: காப்பாளரின் கவனக்குறைவு. எழுதியதும் வக்கீல் சாப்பிடப் போனார். காப்பாளரின் ரேகை வாங்கவேண்டியது என் வேலை. அவர் அறைக்குள்ளிருந்து மூட்டையோடு வந்தார். சாயங்கால ரயிலுக்குப் போகவேண்டுமென்றார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார்.

முதல் வரியை வாசித்தேன்.

"இல்ல ஐயா" என்றார். "அரைச் சுத்து சுத்திச்சு. அதுக்குப் பெறவுதான் நின்னுச்சு. பாத்தீகள்லா. அத எழுதுங்க."

அடித்துவிட்டு, கைப்பிடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது என்று மேலே எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பமும் போட்டேன். பிறகு அடுத்த வரியை வாசித்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான் வாசித்தேன். வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாற்றியிருப்பேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இடது பெருவிரலை வேட்டியில் நன்றாகத் துடைத்து, காகிதத்தில் எண்ணெய் படாமல் ரேகை வைத்துவிட்டுப் போனார்.